கடைமடைப் போன் வரை: குழு முடிவெடுப்பு மென்பொருளுக்கு ஒரு வைஃபை ஏற்பாடு

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாயின் ஆயக்கட்டுதாரர்கள் 42 பேர், கரையைப் பலப்படுத்துவதா, மடையை மாற்றுவதா, வரத்துக்காலைத் தூர்வாருவதா, சீமைக் கருவேலத்தை அகற்றுவதா என்ற வேலைகளுள் எதை முதலில் எடுப்பது என்பதைத் தங்கள் கைபேசிகளின் வழியே தாங்களே முடிவு செய்வதற்கு நாங்கள் அமைத்துக் கொடுத்த ஏற்பாட்டைப் பற்றிய மதிப்புரை இது. ஒரு லேப்டாப், அதில் நிறுவப்பட்ட ஈதர்பேட் (சேர்ந்து எழுதுவதற்கு), லைம்சர்வே (ஓட்டெடுப்பதற்கு) என்ற இரண்டு கட்டற்ற மென்பொருள்கள், ஓபன்டபிள்யுஆர்டி என்ற ரூட்டர் இயங்குதளம் நிறுவிய ஒரு வைஃபை ரூட்டர், இவ்வளவுதான் கருவிகள். இந்த மென்பொருள்களின் வசதிகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இத்தகைய மென்பொருள் ஓர் அறைக்குள் பயன்படுமா பயன்படாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் வசதிகள் அல்ல, அந்த அறையின் கம்பியில்லா இணைப்புதான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்; ஆகவே அந்தப் பகுதியையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு முன்பு ஒரு முறை, வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தின் வைஃபையை நம்பி, இணையத்தில் இயங்கும் ஒரு கட்டணச் சேவையைக் கொண்டு இதே முயற்சியைச் செய்தோம். முந்தின நாள் மாலை ஆளில்லாத மண்டபத்தில் வேகத்தைச் சோதித்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டுப் பொத்தானை அழுத்தியபோது பாதிக்கும் மேற்பட்ட போன்களில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைமடையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, இது சுத்திக்கிட்டே இருக்கே, என் ஓட்டு விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் மூன்று முறை அழுத்தியிருந்தார். ஒன்று விழுந்ததா, மூன்றும் விழுந்ததா, எதுவுமே விழவில்லையா என்று எனக்கும் தெரியாது. வேறு வழியின்றிக் கை தூக்கச் சொன்னோம். கை தூக்கியவர்களில் பலர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டே தூக்கினார்கள். எந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காக மென்பொருளைக் கொண்டுபோனோமோ, அந்தத் தயக்கத்திற்குள்ளேயே அவர்களைத் திரும்பத் தள்ளிவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

குழு முடிவெடுப்பு மென்பொருள் என்பது புதிய பொருள் அன்று. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நூனமேக்கரும் அவருடைய குழுவினரும் 1980களின் நடுவில் இதற்கெனவே தனி அறைகளை அமைத்தார்கள். 1987இல் திறக்கப்பட்ட அறையில் 24 கணினிகள் இருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வார்கள், யார் எழுதியது என்பது தெரியாது, எழுதியதெல்லாம் பதிவாகும், இறுதியில் வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும், பெயர் தெரியாததால் எளியவர் சொன்னதும் வலியவர் சொன்னதும் ஒரே எடையில் நிற்கும் என்பதும் இம்முறையின் இரண்டு பெரிய பயன்கள். அதே குழுவினரின் மென்பொருள் பின்னர் 'குரூப்சிஸ்டம்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த அறைகளில் கணினிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் மேசையில் பதிந்த இடம் உண்டு. வலையமைப்பின் வேகம் ஒரு பேசுபொருளாகவே அங்கே எழுந்திருக்காது. கைபேசியும் வைஃபையும் வந்த பிறகு எந்த மண்டபத்தையும் அப்படிப்பட்ட அறையாக மாற்றிக்கொள்ள முடிகிறது என்பது பெரும் வசதிதான். ஆனால் கம்பிகள் இருந்த இடத்தில் இப்போது எல்லோருக்கும் பொதுவான ஒரே காற்றுவெளி இருக்கிறது.

அந்தக் காற்றுவெளி எப்படிப் பகிரப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பெரியம்மாவின் போனில் ஏன் வட்டம் சுற்றியது என்பது விளங்கும். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். பேச விரும்பும் கருவி முதலில் காதுகொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால், 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை சிறு இடைவெளிகள் காத்திருந்து பேசும். இருவருக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டு பேச்சும் மோதி வீணாகும். மறுமுறை 0 முதல் 31 வரை, அதற்கடுத்து 63 வரை என்று எண்களின் எல்லை விரிந்து 1023 வரை போகும். நான்கைந்து பேர் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் வீட்டில் யாரும் கைதட்டி மூன்று எண்ணி ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவதில்லை. குழு முடிவெடுப்பில் அதைத்தான் செய்கிறோம். "இப்போது ஓட்டுப் போடுங்கள்" என்று மேடையிலிருந்து சொன்னவுடன் 42 போன்கள் 16 எண்களுக்குள் குலுக்கத் தொடங்குகின்றன.

இங்கே போகும் தரவின் அளவு மிகச் சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஓட்டுக்கு 2 கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் 42 ஓட்டுக்கு 84 கிலோபைட். ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடக் குறைவு. மண்டபக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் "நூறு எம்பிபிஎஸ் லைன்" (விநாடிக்கு நூறு மெகாபிட்) இந்த நெரிசலுக்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்த எண் மண்டபத்திலிருந்து வெளியே போகும் கம்பியைப் பற்றியது. நெரிசலோ மண்டபத்துக்குள், காற்றில். தரவு உண்மையிலேயே மிகுந்திருக்கும் நேரம் ஒன்றே ஒன்று உண்டு. அது எல்லோரும் முதன்முதலில் பக்கத்தைத் திறக்கும் நேரம். பக்கம் 1 மெகாபைட் என்று கொண்டால் 42 போன்களுக்கு 42 மெகாபைட், அதாவது 336 மெகாபிட். சேனலில் உண்மையாகக் கிடைப்பது 20 எம்பிபிஎஸ் என்றால் கடைசி ஆளுக்குப் பக்கம் திறக்கப் 17 விநாடி ஆகும். ஆகவே வருகைப் பதிவு நடக்கும்போதே ஒவ்வொருவரையும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னோம். அந்த ஒரு சிறிய ஒழுங்கு, வேறு எந்த அமைப்பு மாற்றத்தையும்விட அதிகப் பயன் தந்தது.

மென்பொருளையும் லேப்டாப்பிலேயே நிறுவி, லேப்டாப்பை ரூட்டரோடு கம்பியால் இணைத்ததும் முக்கியம். லேப்டாப்பையும் வைஃபையில் இணைத்தால் ஒவ்வொரு செய்தியும் போனிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு முறை என்று காற்றை இரண்டு முறை பிடித்துக்கொள்ளும்.

இனி ஈதர்பேட். பலர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுதுவதற்கான மென்பொருள். 2008இல் வெளிவந்து, அதை உருவாக்கிய நிறுவனத்தை 2009இல் கூகுள் வாங்கியபோது திறந்த மூலமாக விடப்பட்டது. முழுத் தாளையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது இதன் வடிவமைப்பில் உள்ள பெரும் நன்மை. ஆனால் வைஃபையில் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஒருவர் செய்த மாற்றம் தாளைத் திறந்து வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும் போக வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே ஒலிபரப்பாகப் போவதில்லை, ஆளுக்கொன்றாகத் தனித்தனியே போகிறது. 42 பேரும் ஒரே தாளில் ஆளுக்கொரு மாற்றம் செய்தால் 42 × 41, அதாவது 1722 செய்திகள் ரூட்டரிலிருந்து போன்களை நோக்கிக் கிளம்பும். அதையே ஆறு ஆறு பேராக ஏழு தாள்களாகப் பிரித்தால், ஒரு தாளுக்கு 6 × 5 என்று 30, ஏழு தாளுக்கும் சேர்த்து 210 மட்டுமே. எட்டில் ஒரு பங்காகச் சுமை குறைந்துவிடுகிறது.

இந்தப் பிரிவினையைச் சிக்கனத்துக்காக மட்டும் செய்ததாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அரிசோனா அறைகளில் கருத்துத் திரட்டும்போது, ஒருவர் எழுதிய கோப்பு அடுத்த முறை வேறொருவர் திரைக்குத் தற்செயலாக மாறிப் போகும்படி வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நீண்ட பட்டியலை வெறித்துக்கொண்டிருப்பதைவிடக் கருத்து பெருகுவதற்கு அது நல்ல வழி. நாங்களும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேசைகளுக்கிடையே தாள்களை மாற்றிக் கொடுத்தோம். மடை பழுதென்று ஒரு மேசையில் எழுந்த குறிப்பு, அடுத்த மேசைக்குப் போனபோது, "மடை அல்ல, மடைக்கு மேலே கரை உள்வாங்கியிருக்கிறது" என்று திருத்தம் பெற்றுத் திரும்பியது. வலையமைப்புக்கு இதமான ஏற்பாடும் சிந்தனைக்கு இதமான ஏற்பாடும் இங்கே ஒன்றாக அமைந்துவிட்டன.

ஈதர்பேட்டில் எழுதுபவருக்கு ஏற்ப வண்ணம் மாறும் என்பதையும், அதில் ஓட்டுப் போடும் வசதி கிடையாது என்பதையும் தெரிந்தே எடுக்க வேண்டும். வண்ணத்தை மறைக்கலாம். ஓட்டுக்கு லைம்சர்வே. 2003இல் பிஎச்பி சர்வேயர் என்ற பெயரில் தொடங்கிய இதில், விருப்ப வரிசைப்படி அடுக்கும் கேள்வி வகையும், விடையை ஆளோடு தொடர்புபடுத்தாமல் சேமிக்கும் அமைப்பும் இருக்கின்றன. கேள்விக்கு ஒரு பக்கமாகவும் காட்டலாம், எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்திலும் காட்டலாம். நெரிசலான காற்றில் இரண்டாவதே நல்லது. அவரவர் தம் வேகத்தில் அடுக்கி முடித்து ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும், அந்த அனுப்புதலும் ஆளுக்கு ஆள் முன்பின்னாகப் பரவிவிடும். விடை பதிவானவுடன் தோன்றும் நன்றிப் பக்கத்தில், "உங்கள் ஓட்டு வந்து சேர்ந்தது" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்தோம். அந்த வரி தெரிந்தால் விழுந்தது, தெரியாவிட்டால் விழவில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டோம்.

அடுத்தது மெதுவான போன்களின் சிக்கல். இதை நான் நன்றாக விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். வைஃபை ஒவ்வொரு கருவிக்கும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் பேச வாய்ப்புத் தருகிறது. சம நேரம் தருவதில்லை. தூரத்தில் தூணுக்குப் பின்னால் இருக்கும் பழைய போன் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசினால், பக்கத்தில் 60 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் போன் எடுக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் அதே அளவு தரவுக்குக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு நேரமும் மற்ற 41 பேரும் காத்திருப்பார்கள். உடனே தோன்றும் தீர்வு, சிக்னல் குறைந்த போன்களை வெளியே தள்ளிவிடுவது. பல அலுவலகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் அது கூடவே கூடாது. பழைய போன் வைத்திருப்பவர் யார், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கடைமடைக்காரரே அங்கே இருப்பார். கண்மாயில் தலைமடைக்குத் தண்ணீர் வந்ததை வைத்து யாரும் பாசனம் நடந்தது என்று சொல்வதில்லை. வலையமைப்பையும் சராசரி வேகத்தை வைத்து அளக்காமல், கடைசிப் போனின் காத்திருப்பை வைத்து அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஓபன்டபிள்யுஆர்டி இங்கேதான் தன் தகுதியைக் காட்டியது. லிங்சிஸ் டபிள்யுஆர்டி54ஜி என்ற ரூட்டரின் மூலநிரலிலிருந்து 2004இல் கிளைத்த இந்த லினக்ஸ் அமைப்பு, பொருத்தமான வைஃபை சில்லு உள்ள ரூட்டர்களில், வாய்ப்புகளின் எண்ணிக்கையைப் பாராமல் காற்று நேரத்தையே பங்கிட்டுக் கொடுக்கிறது. ரூட்டருக்குள் தரவு நீளமான வரிசையில் தேங்கி நிற்காதபடி பார்த்துக்கொள்ளும் முறையும் இதில் இருக்கிறது. 2012இல் கேத்லீன் நிக்கல்சும் வேன் ஜேகப்சனும் வெளியிட்ட 'கோடெல்' என்ற உத்தியின் வழிவந்தது அது. இவ்விரண்டும் சேரும்போது மெதுவான போன் மெதுவாகவே இருக்கும், ஆனால் மற்றவர்களை முன்போல் நிறுத்தி வைக்காது. ஒருவர் பக்கம் திறந்துகொண்டிருக்கும்போது இன்னொருவரின் சிறிய ஓட்டு அதன் பின்னால் மாட்டிக்கொள்ளாது. 1 எம்பிபிஎஸ் போன்ற, 802.11பி என்ற பழைய வைஃபை வகையின் காலத்து வேகங்களையும் நிறுத்தி வைத்தோம். ரூட்டர் விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாகத் தன் இருப்பை அறிவிக்கும் செய்தி, அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும் என்பதால், அந்த வேகத்தை உயர்த்துவது எல்லோருக்கும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இவ்வளவு செய்த பிறகும் சில செய்திகள் காற்றில் தொலையத்தான் செய்யும். அப்போது நடப்பது இன்னொரு கதை. ரூட்டரும் போனும் தமக்குள் சில முறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதுவும் தவறினால், தரவு போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி என்ற மேலடுக்கு விதிமுறை காத்திருந்து மறுபடி அனுப்பும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 200 மில்லிவிநாடி. ஒவ்வொரு தவறுக்கும் இரட்டிப்பாகும். தொடர்ந்து நான்கு முறை தவறினால் 200, 400, 800, 1600 என்று கூட்டி 3 விநாடி போய்விடுகிறது. பயன்பாட்டு வடிவமைப்பில் யாக்கோப் நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன அளவுகள் பலருக்கும் தெரிந்திருக்கும்: பத்தில் ஒரு விநாடிக்குள் வரும் பதில் உடனடியாக வந்ததாகத் தோன்றும், ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கைபேசியில் நன்றாகப் பழகியவர்கள் மூன்று விநாடியைப் பொறுத்துக்கொள்வார்கள். ஓட்டு விழுந்ததா என்ற சந்தேகத்தில் இருப்பவருக்கு மூன்று விநாடி என்பது இரண்டாம் முறை அழுத்துவதற்குப் போதுமான நேரம்.

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் சொல்வதற்கு அதிகமில்லை. மேசை மேல் வைக்க வேண்டாம். மனித உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாக உறிஞ்சும். 42 பேர் உட்கார்ந்துவிட்டால் ஆளில்லாத மண்டபத்தில் எடுத்த சோதனை செல்லாது. நாங்கள் தூணில் ஏழடி உயரத்தில் கட்டினோம். 2.4இல் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மைக்காரரின் புளூடூத்தும், மண்டபத்தின் கம்பியில்லாக் கேமராக்களும் அங்கேதான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018இல் அந்த அலைவரிசையில் உரிமம் தேவைப்படாத பகுதி வெகுவாக விரிவாக்கப்பட்டது. அதைப் பிடிக்கக்கூடிய போன்களை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, பிடிக்க முடியாத பழைய போன்களுக்கு 2.4ஐ ஒதுக்கிக் கொடுத்தோம். இரண்டுக்கும் இரண்டு பெயர்கள், இரண்டு கியூஆர் அட்டைகள். கடவுச்சொல்லை யாரும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.

எதிர்பாராத தொல்லை ஒன்று போன்களின் பக்கமிருந்து வந்தது. இணையமே இல்லாத வைஃபையில் இணைந்தவுடன் ஆண்ட்ராய்டு வெளியுலகத்தைத் தொட்டுப் பார்க்கிறது. பதில் வராவிட்டால், "இந்த இணைப்பில் இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. தாவிய போனுக்கு நம் லேப்டாப் தெரியாது. ஒத்திகையின்போது ஆறு போன்கள் இப்படி நழுவின. நாங்கள் முதலில் சிக்னலைச் சந்தேகித்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். பிறகு ஒரு சிம் கார்டு மூலம் ரூட்டருக்குச் சிறிதளவு வெளி இணையம் கொடுத்தவுடன் சிக்கல் தீர்ந்தது. வீடியோவும் தானியங்கிப் புதுப்பிப்பும் அந்த வழியில் ஓடாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்திவிட வேண்டும். முகவரியையும் பெயராகக் கொடுக்காமல் எண்களாகவே கியூஆரில் வைப்பது நல்லது, ஏனெனில் போனில் தனிப்பட்ட டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) அமைத்திருப்பவர்களுக்கு உள்ளூர்ப் பெயர் திறக்காமல் போகலாம்.

பெயர் மறைப்பு பற்றி எழுதும் பலர் மென்பொருளோடு நின்றுவிடுகிறார்கள். வலையமைப்பும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ரூட்டரின் முகவரிப் பட்டியலில் சில போன்கள் உரிமையாளரின் பெயரோடே தோன்றும். லைம்சர்வேயில் ஐபி முகவரியை (வலையமைப்பில் ஒரு போனைக் குறிக்கும் எண்) சேமிக்கும் வசதியை நிறுத்தலாம், ஈதர்பேட்டிலும் ஐபி பதிவை நிறுத்த அமைப்பு இருக்கிறது, இரண்டையும் நிறுத்தினோம். கூட்டம் முடிந்ததும் ரூட்டரின் பட்டியலையும் அழித்தோம். இன்னொன்று: டபிள்யுபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், அதை அறிந்த ஒருவர் முயன்றால் மற்றவரின் போக்குவரத்தைப் படிக்க முடியும். அதற்கு அடுத்து வந்த டபிள்யுபிஏ3 இதைத் தடுக்கிறது, ஆனால் எல்லாப் போன்களும் அதை அறியா. எங்கள் ஏற்பாட்டில் இந்த ஓட்டை அடைபடவில்லை. ஊர்ப்பகை உள்ள இடத்தில் இதை அப்படியே பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். மறையாக்கம் செய்த பக்கமாகவே கொடுக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேலை கூடுதலாக உண்டு.

கூட்டத்தன்று 42 பேரின் ஓட்டும் விழுந்தது. லேப்டாப் திரையில் எண்ணிக்கை 39இல் சிறிது நேரம் நின்றபோது மேடையிலிருந்து அவசரப்படுத்தாமல் காத்திருந்தோம், மீதி மூன்றும் வந்தன. வரத்துக்கால் முதலிடம் பெற்றது. கை தூக்கிய பழைய கூட்டத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த வேலை அது.

ஐம்பது பேர்வரை, ஒரே கூரையின் கீழ், கருத்துத் திரட்டி வரிசைப்படுத்தி ஓட்டெடுக்கும் கூட்டங்களுக்கு இந்த ஏற்பாட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். லினக்ஸில் சிறிது பழக்கமுள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். அது இல்லாமல் முயல வேண்டாம். நூறு பேரை நெருங்கினால் ஒரே ரூட்டர் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. கம்பியால் இணைத்த இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை இணைப்புத் தரும் கருவி) வேறு சேனலில் தேவைப்படும். வைஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் வகை ரூட்டர் ஒரே கணத்தில் பல போன்களுக்குச் சேனலைப் பிரித்துக் கொடுக்கும் என்பதால் ஓட்டு நேரத்து நெரிசலுக்கு அது பொருத்தமானதே, ஆயினும் அதன் பயன் அந்த வகை போன் வைத்திருப்பவர்களுக்கே நேரடியாகக் கிடைக்கும். பக்கத்துக் கண்மாய்க்காரர்கள் தை மாதத்தில் கூடுகிறார்கள், 90 பேர்வரை வரக்கூடும் என்கிறார்கள். இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் முப்பது மீட்டர் கேபிளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.